லேப்டாப் வைஃபை கார்டு மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் மாடிவீட்டு மாமா 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு வாங்கிய அன்று சாயங்காலமே கீழே இறங்கி வந்தார். "போன்ல பறக்குது, லேப்டாப்ல நொண்டுது" என்றார். 2016-இல் வாங்கிய லேப்டாப். அதைத் திறந்து, உள்ளே தபால்தலை அளவில் இருந்த வைஃபை கார்டைக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டிக் கொடுத்தேன். அது எப்படியோ பரவிவிட்டது. அப்புறம் சொந்தக்காரர்கள், பழைய ஆபீஸ் நண்பர்கள், நண்பர்களின் மச்சான்கள் என்று ஆளுக்கு ஆள் அதே சந்தேகங்களோடு வர ஆரம்பித்தார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

1. "200 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கேன். போன்ல 180 வருது, லேப்டாப்ல 35-ஐத் தாண்ட மாட்டேங்குது. லைன்காரன் ஏமாத்தறானா?"

இல்லை. அதே இடத்தில், அதே வைஃபையில் போனுக்கு 180 வருகிறது என்றால் லைன் வீடுவரை ஒழுங்காக வந்துவிட்டது. தடங்கல் லேப்டாப்புக்குள் இருக்கிறது.

பத்து வருடத்துக்கு முன்னால் விற்ற விலை குறைந்த லேப்டாப்கள் பலவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும் தெரிந்த, ஒரே ஆன்டெனாவில் வேலை செய்கிற கார்டைத்தான் வைத்தார்கள். அது 2009-இல் வந்த 802.11என் தரம்; இப்போது வைஃபை 4 என்கிறோம். 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் ஒற்றை ஆன்டெனாவுக்கு அதன் உச்சவரம்பு 72 எம்பிபிஎஸ். அதுவும் காகிதத்தில். வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பேசியது போய்ச் சேர்ந்ததா என்று பதில் வர வேண்டும். பக்கத்து வீட்டு வைஃபைகளும் அதே சேனலில் தங்கள் முறைக்காகக் காத்து நிற்கும். இவ்வளவும் போக 35, 40 மிஞ்சுகிறது என்றால் அந்தக் கார்டு தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. பிளானை 500 ஆக்கினாலும் அந்த 35 அசையாது.

2. "டவுன்லோட் பண்ணும்போது 5 எம்பி தானே காட்டுது? 40 பிளான்ல 5-ஆ?"

சரியாகத்தான் காட்டுகிறது. பிளான் பிட் கணக்கு, டவுன்லோட் பைட் கணக்கு. எட்டு பிட் ஒரு பைட். 40-ஐ எட்டால் வகுத்தால் 5. உங்களுக்குக் கார்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

3. "என் லேப்டாப்ல என்ன கார்டு இருக்குன்னு திறக்காமலே பாக்க முடியுமா?"

முடியும். விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜருக்குப் போங்கள். நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற வரியைத் திறந்தால் கார்டின் பெயர் இருக்கும். ரியல்டெக் 8723பிஈ என்று இருந்தால் நான் முதல் கேள்வியில் சொன்ன வகை: 2.4 மட்டும், வைஃபை 4. ரியல்டெக் 8821சிஈ, குவால்காம் 9377 என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் தெரியும், ஆனால் ஒரே ஆன்டெனா. இன்டெல் 7265, 8265 என்றால் இரண்டு ஆன்டெனா உள்ள வைஃபை 5. இன்டெல் ஏஎக்ஸ் என்று ஆரம்பித்தால் வைஃபை 6 அல்லது அதற்கு மேல். அப்படியென்றால் நீங்கள் நேராக 5-ஆம் கேள்வியில் உள்ள ரவுட்டர் சமாசாரத்துக்குப் போகலாம்.

பெயரைவிட நல்ல சாட்சி லிங்க் ஸ்பீடு, அதாவது கார்டும் ரவுட்டரும் தங்களுக்குள் பேச ஒப்புக்கொண்ட வேகம். செட்டிங்ஸில் நெட்வொர்க், அதற்குள் வைஃபை, அதற்குள் நீங்கள் இணைந்திருக்கும் வைஃபையின் விவரம் என்று போனால் அந்த எண் கிடைக்கும். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்து பாருங்கள். 72 அல்லது 150 என்றால் ஒற்றை ஆன்டெனா வைஃபை 4. 144 அல்லது 300 என்றால் இரட்டை ஆன்டெனா வைஃபை 4. 433 என்றால் ஒற்றை ஆன்டெனா வைஃபை 5. 867 என்றால் இரட்டை ஆன்டெனா வைஃபை 5. 1201 என்றால் இரட்டை ஆன்டெனா வைஃபை 6.

4. "லிங்க் ஸ்பீடு 433-ன்னு காட்டுது. ஸ்பீடு டெஸ்ட்ல 240 தான் வருது. மீதி எங்க போச்சு?"

முதல் பதிலில் சொன்ன காத்திருப்பும் பதில் வாங்குவதும்தான் தின்றுவிட்டன. லிங்க் ஸ்பீடில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை கையில் கிடைத்தால் அது நல்ல வைஃபை.

இதை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். உங்கள் பிளான் 100 அல்லது 150, லிங்க் ஸ்பீடு 433 என்றால் கார்டை மாற்றி ஒரு பைசா பலன் இல்லை. இப்படி வந்த நாலைந்து பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்களுக்கு முகம் சுருங்கிப்போனது, ஆனால் பணம் மிச்சம்.

5. "முதல்ல கார்டை மாத்தணுமா, ரவுட்டரை மாத்தணுமா?"

முதலில் அளக்க வேண்டும். கையில் ஒரு லேன் கேபிளும் அரை மணி நேரமும் இருந்தால் போதும். லேப்டாப்பைக் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து ஸ்பீடு டெஸ்ட் பாருங்கள். அப்புறம் கேபிளைக் கழற்றிவிட்டு, ரவுட்டருக்கு ஆறடி தூரத்தில் வைஃபையில் பாருங்கள். கடைசியாக, வழக்கமாக வேலை செய்யும் அறையில் பாருங்கள். கேபிளில் 190, ஆறடியில் 35 என்றால் கார்டுதான் காரணம். கேபிளில் 190, ஆறடியில் 185, படுக்கையறையில் 20 என்றால் கார்டு மேல் குற்றமில்லை. ரவுட்டர் இருக்கும் இடம்தான் காரணம். கேபிளிலேயே 190 வரவில்லை என்றால் கடைசிக் கேள்வியை முதலில் படியுங்கள்.

ஆறடியில் போனும் லேப்டாப்பும் இரண்டுமே 40-க்குள் நின்றால் ரவுட்டரைச் சந்தேகப்படலாம். லைன் போட வந்தவர் மாட்டிவிட்டுப் போகும் வெள்ளைப் பெட்டிகளில் சில இன்றைக்கும் 2.4 மட்டும் உள்ளவை. இரண்டு அலைவரிசை உள்ள பெட்டி கேட்டால் சில இடங்களில் மாற்றிக் கொடுப்பார்கள். கேட்காதவருக்கு யாரும் தானாகக் கொண்டுவந்து தருவதில்லை.

6. "ரவுட்டர்ல ரெண்டு பேர் வருது, ஒண்ணுல 5ஜி-ன்னு இருக்கு. அது 5ஜி சிம்மா? என் லேப்டாப்ல அந்தப் பேரே தெரிய மாட்டேங்குது."

சிம்முக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அது 5 கிகாஹெர்ட்ஸ் என்பதன் சுருக்கம். பெயர் வைத்த புண்ணியவான் இந்தக் குழப்பத்தை யோசிக்கவில்லை. போனில் அந்தப் பெயர் தெரிந்து, அதே அறையில் லேப்டாப்பில் தெரியவில்லை என்றால் உங்கள் கார்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் கண்ணே கிடையாது. கார்டு மாற்றிப் பெரிய பலன் பார்க்கப்போகிறவர் நீங்கள்தான்.

இரண்டு பெயரும் தெரிந்தும் பழக்கத்தில் 2.4-இலேயே இருப்பவர்களும் உண்டு. வைஃபை 5 என்பது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டுமான தரம். அந்தக் கார்டை 2.4-இல் இணைத்தால் அது வைஃபை 4 மாதிரிதான் ஓடும். திருப்புளியைத் தேடுவதற்கு முன் அந்த இன்னொரு பெயரில் இணைந்து பாருங்கள்.

7. "சரி, எந்தக் கார்டு வாங்கறது?"

எம்.2 ஸ்லாட் (இப்போதைய சின்னக் கார்டுகள் செருகும் இடம்) உள்ள லேப்டாப் என்றால் நான் வாங்கச் சொல்வது இன்டெல் ஏஎக்ஸ்210. கிடைக்கவில்லை என்றால் ஏஎக்ஸ்200. இரண்டும் இரட்டை ஆன்டெனா, இரண்டிலும் ப்ளூடூத் சேர்ந்தே வரும். விலை பெரும்பாலும் 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள். ஏஎக்ஸ்200-க்கும் 210-க்கும் உள்ள முக்கிய வித்தியாசம் 6 கிகாஹெர்ட்ஸ். அதைப் பற்றி 17-ஆம் கேள்வியில் சொல்கிறேன். நீங்கள் லினக்ஸ் பயன்படுத்துபவராக இருந்தால் 200-க்கு கெர்னல் 5.1, 210-க்கு 5.10 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். விண்டோஸ் 7 வைத்துக்கொண்டு ஏஎக்ஸ் வாங்காதீர்கள்; அதற்கு இன்டெல் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வெளியிடவில்லை.

பெட்டியில் இன்டெல் என்று அச்சடித்தால் மட்டும் இன்டெல் ஆகிவிடாது. மாட்டியபின் டிவைஸ் மேனேஜரில் கார்டின் பண்புகளுக்குப் போய், டீட்டெய்ல்ஸ் பகுதியில் ஹார்டுவேர் ஐடி பாருங்கள். 8086 என்பது இன்டெல்லின் எண். அதன் பக்கத்தில் 2725 இருந்தால் ஏஎக்ஸ்210, 2723 இருந்தால் ஏஎக்ஸ்200. வேறு எண் வந்தால் அன்றைக்கே திருப்பிவிடுங்கள். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய கார்டு மலிவாகக் கிடைக்கும். அதில் தப்பில்லை, கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்கினால் இன்னும் நல்லது.

8. "ஏஎக்ஸ்211 இன்னும் விலை கம்மியா இருக்கு. 210-ஐ விட 211 புதுசு தானே?"

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். 201, 211, 9560 போன்றவை பாதிக் கார்டுகள். வைஃபையின் மூளையில் பெரும்பகுதி இன்டெல் பிராசஸரோடு வரும் சிப்செட்டுக்குள் இருக்கும். கார்டில் இருப்பது ரேடியோ பகுதி மட்டும். இதற்குச் சிஎன்விஐ என்று பெயர். அந்த ஏற்பாடு செய்த இன்டெல் போர்டுகளில் மட்டும் இவை பேசும். மற்ற லேப்டாப்களில் ஸ்லாட்டில் அழகாகப் போய் உட்காரும், ஆனால் உயிர் இருக்காது.

எதிர்ப்பக்கம் பிரச்சினை பெரும்பாலும் இல்லை. சிஎன்விஐ கார்டோடு வந்த லேப்டாப்கள் பலவற்றில் ஏஎக்ஸ்210 வேலை செய்கிறது, ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. ஸ்லாட்டுக்குச் சாதாரண பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பையும் கொடுத்திருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது அது. உங்கள் மாடலில் யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

9. "என்னுது ஏஎம்டி லேப்டாப். இன்டெல் கார்டு போடலாமா?"

ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் ஏஎம்டியில் ஓடும். வைஃபை 7 கார்டான பிஈ200-ஐ மட்டும் தொடாதீர்கள். ஏஎம்டி லேப்டாப்கள் பலவற்றில் அது எழுந்திருக்காது. இன்டெல் வேண்டாம் என்றால் மீடியாடெக் 7922 இருக்கிறது.

10. "2013 மாடல் லேப்டாப். திறந்து பாத்தேன், கார்டு வேற மாதிரி அகலமா இருக்கு."

அது மினி பிசிஐ எக்ஸ்பிரஸ், பாதி நீள வகை. எம்.2 கார்டு அந்த ஸ்லாட்டில் நுழையாது. இன்டெல் 7260-இன் மினி பிசிஐ வடிவம் ஒன்று உண்டு. இரட்டை ஆன்டெனா, வைஃபை 5, பழைய லேப்டாப்புக்கு அதுவே தாராளம். ஏஎக்ஸ்200-இன் சிப்பையே மினி பிசிஐ அட்டையில் பொருத்தியும் சிலர் விற்கிறார்கள்.

எம்.2 கார்டை இடைப்பலகை வைத்து மாட்டுவதும் முடியும். ஆனால் ஆன்டெனா ஒயர் முனை இரண்டு வகையிலும் ஒரே அளவு கிடையாது. மினி பிசிஐ கார்டின் முனை கொஞ்சம் பெரியது, எம்.2 கார்டின் முனை அதைவிடச் சின்னது. பெரிய முனையை அழுத்திச் சின்னதில் ஏற்றலாம் என்று முயன்றவர் ஒருவர் கார்டின் முனையைப் பிய்த்துக்கொண்டு என்னிடம் வந்தார். மாற்று ஒயர் தனியாகக் கிடைக்கும். ஆனால் இடைப்பலகை, ஒயர் எல்லாம் வாங்கி இந்தப் பாடு படுவதற்கு மினி பிசிஐ வடிவிலேயே கார்டு வாங்குவது சுலபம்.

11. "உள்ள ஒரு ஒயர் தான் இருக்கு. புதுக் கார்டுல ரெண்டு முனை இருக்கே?"

மலிவு மாடல்களில் இது சகஜம். முதலில், இரண்டாவது ஒயர் முனையில் உறை போட்டு எங்காவது ஓரமாகச் சொருகியிருக்கிறதா என்று தேடுங்கள். ஒரே உடலமைப்பில் பல மாடல் விற்பதால் சிலவற்றில் ஆன்டெனா இருந்தும் இணைக்காமல் விட்டிருப்பார்கள்.

நிஜமாகவே ஒன்றுதான் என்றால் அந்த ஒன்றைப் புதுக் கார்டில் மாட்டினாலும் வேலை நடக்கும். பாதி வேகம் கிடைக்கும். அதாவது 867 இல்லை, 433. முன்பு 72-இல் கிடந்தவருக்கு அதுவே ஆறு மடங்கு. முழுதும் வேண்டும் என்றால் பின்னால் பசையுள்ள மெல்லிய உள் ஆன்டெனா நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. திரைக்குப் பின்னாலோ, பிளாஸ்டிக் பகுதியின் ஓரத்திலோ ஒட்ட வேண்டும். உலோக மூடிக்குக் கீழே ஒட்டினால் வீண். இன்னொன்று: 2.4 கார்டோடு மட்டுமே வந்த சில மாடல்களில் ஆன்டெனாவும் 2.4-க்கு மட்டும் செய்ததாக இருக்கும். புதுக் கார்டு போட்டும் ஆறடியிலேயே 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் இரண்டு கோடுதான் என்றால் அதுதான் காரணம்.

12. "கார்டை மாத்தினதும் கறுப்புத் திரையில இங்கிலீஷ்ல என்னமோ திட்டிட்டு நின்னுடுச்சு. போர்டு போச்சா?"

போகவில்லை, பயப்படாதீர்கள். பழைய லேப்டாப்கள் சிலவற்றின் பயாஸில் (லேப்டாப்பைப் போட்டதும் முதலில் ஓடும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) அனுமதித்த கார்டுகளின் பட்டியல் ஒன்று இருக்கும். பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் லேப்டாப் துவங்காது. எச்பி லேப்டாப்களில் 104 என்ற எண்ணோடும், லெனோவோ லேப்டாப்களில் 1802 என்ற எண்ணோடும் அந்தச் செய்தி வரும். பழைய கார்டைத் திரும்ப மாட்டினால் பழையபடி ஓடும்.

அந்த மாடலுக்கென்றே அந்த நிறுவனம் விற்ற வேகமான கார்டு இருக்கும். அதன் பாக எண்ணைச் சர்வீஸ் கையேட்டில் பார்த்து அதையே வாங்கலாம். மாற்றியமைத்த பயாஸை ஏற்றி இந்தப் பூட்டை உடைப்பவர்களும் உண்டு. ஒரு கார்டுக்காகப் போர்டைப் பணயம் வைப்பது எனக்குச் சம்மதமில்லை. இந்த வகை லேப்டாப்புக்கு 16-ஆம் கேள்விதான் வழி. புதிய மாடல்களில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது.

13. "மேக்புக்ல மாத்தலாமா? மெலிசு லேப்டாப்ல?"

இப்போதைய மேக்புக்குகளில் மாற்ற முடியாது. மெல்லிய விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றிலும் வைஃபை சிப் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துத்தான் வருகிறது. சர்வீஸ் கையேட்டில் வைஃபை கார்டைக் கழற்றும் பக்கம் இருந்தால் கழற்றலாம், இல்லையென்றால் இல்லை.

14. "நானே மாத்திக்கலாமா, கடையில குடுக்கணுமா? கை நடுங்குமே."

மிக்சி ஜாரின் பிளேடைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர் இதையும் செய்யலாம். லேப்டாப் வாரன்டியில் இருந்தால் மட்டும் திறப்பதற்கு முன் அதன் விதிகளைப் படித்துவிடுங்கள்.

முதலில் புதுக் கார்டின் டிரைவரை இறக்கி ஒரு பென்டிரைவில் வையுங்கள். மறந்துவிட்டு, மாட்டியபின் இன்டர்நெட் இல்லாமல் விழிப்பவர்கள் அதிகம். லேப்டாப்பை முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸ் உண்மையிலேயே அணையும், இல்லையென்றால் அரைத்தூக்கம்தான். சார்ஜரை உருவுங்கள். கீழ்மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றும்போது எது எங்கிருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீளம் வித்தியாசப்படும். மூடி வரவில்லை என்றால் நெம்பாதீர்கள். ரப்பர் காலுக்கடியில் ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். விளிம்பில் பழைய ஏடிஎம் அட்டையை நுழைத்துச் சுற்றி வந்தால் கொக்கிகள் ஒவ்வொன்றாக விடும்.

திறந்ததும் முதல் வேலை பேட்டரியின் இணைப்பை எடுப்பது. அப்புறம் ஏதாவது உலோகத்தைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு ஆன்டெனா முனைகளுக்கு வாருங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. முனைக்கு அடியில் நகத்தையோ பிளாஸ்டிக் குச்சியையோ கொடுத்து நேர் மேலே தூக்க வேண்டும். ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றினால் கார்டு தானே சாய்வாக எழும்பும். புதியதை அதே சாய்வில் செருகி, கீழே அழுத்தி, ஸ்க்ரூவைப் போடுங்கள். முனையைக் கார்டின் வட்டத்துக்கு நேர்மேலே வைத்து, சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, அதன் பிறகே கட்டைவிரலால் அழுத்துங்கள். மெல்லிய 'டிக்' கேட்கும். கேட்கவில்லை என்றால் கோணலாக இருக்கிறது. எடுத்து மறுபடி வையுங்கள். இந்த முனைகள் சில பத்துத் தடவை கழற்றி மாட்டவே செய்தவை, அதனால் விளையாட்டாகக் கழற்றிக்கொண்டிருக்க வேண்டாம். எந்த ஒயர் எந்த முனையில் என்பதைப் பழைய கார்டில் இருந்தபடியே வையுங்கள். மாறிப்போனாலும் தலை போகாது.

15. "மாத்தியாச்சு. வைஃபை ஓடுது, ப்ளூடூத்தைக் காணோம்."

கார்டில் வைஃபை ஒரு வழியிலும் ப்ளூடூத் இன்னொரு வழியிலும் போர்டோடு பேசுகின்றன. வைஃபைக்குப் பிசிஐ எக்ஸ்பிரஸ், ப்ளூடூத்துக்கு யூஎஸ்பி. அதனால் டிரைவரும் இரண்டு தனித்தனி. ப்ளூடூத் டிரைவரை இறக்கிப் போட்டுவிட்டு, முந்தைய பதிலில் சொன்னபடி முழு ஷட்டவுன் செய்து ஏற்றிப் பாருங்கள். பெரும்பாலும் இதிலேயே வந்துவிடும். வரவில்லை என்றால் உங்கள் ஸ்லாட்டுக்கு யூஎஸ்பி இணைப்பு தராமல் விட்டிருக்கலாம், முக்கியமாகப் பழைய மினி பிசிஐ ஸ்லாட்களில். அதற்கு வைத்தியம் கிடையாது. ஒரு சின்ன ப்ளூடூத் டாங்கிள் வாங்கிக்கொள்ளுங்கள்.

வைஃபை டிரைவரையே பென்டிரைவில் எடுக்க மறந்தவர்கள் போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போனில் யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டால் லேப்டாப்புக்கு இன்டர்நெட் வந்துவிடும்.

16. "இவ்வளவு கஷ்டம் எதுக்கு? ஒரு யூஎஸ்பி டாங்கிள் சொருகினா போதாதா?"

போதும், டாங்கிள் சரியானதாக இருந்தால். கடையில் 400 ரூபாய்க்குத் தொங்கும் நகம் அளவு டாங்கிள் பெரும்பாலும் 2.4 மட்டும் உள்ள 150 வகை. முதல் கேள்வியில் பார்த்த அதே நோய்தான் அதற்கும். இரண்டு அலைவரிசையும் யூஎஸ்பி 3-உம் உள்ளதாக வாங்குங்கள். யூஎஸ்பி 2 போர்ட்டில் எதைச் சொருகினாலும் 300-ஐ ஒட்டித்தான் நிற்கும். அட்டைப் பெட்டியில் ஏசி1300 என்று இருந்தால் அது 2.4-இன் 400, 5-இன் 867 இரண்டையும் கூட்டி ரவுண்டாக்கிய எண். நீங்கள் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இருப்பீர்கள், ஆகவே 867 என்று படியுங்கள்.

டாங்கிள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், சூடாகும், பையில் வைக்கும்போது முட்டி வளையும். மேஜையை விட்டு நகராத லேப்டாப்புக்கு நல்லது. தூக்கிக்கொண்டு அலைபவருக்கு உள்கார்டுதான்.

17. "வைஃபை 7 வந்துடுச்சாமே. வாங்கினா ஒரேயடியா அதையே வாங்கிடலாமா?"

கார்டு மட்டும் 7 ஆனால் போதாது, ரவுட்டரும் 7 ஆக வேண்டும், விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பும் வேண்டும். 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு இது பட்டுப்புடவைக்கு ஜரிகை ஏற்றி மேலும் ஜரிகை ஏற்றுவது மாதிரி. வைஃபை 5-இன் 867-ஏ உங்கள் பிளானை விழுங்கி ஏப்பம் விட்டுவிடும்.

6 கிகாஹெர்ட்ஸ் விஷயம் தனி. வைஃபை 6ஈ என்பதில் உள்ள அந்த ஈ இதுதான். அமெரிக்கா 2020-இலேயே இந்த அலைவரிசையை வைஃபைக்குத் திறந்துவிட்டது. இந்தியாவில் அதன் கீழ்ப்பகுதியை, அதாவது 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை, உரிமம் இல்லாமல் பயன்படுத்த வகைசெய்யும் வரைவு விதிகளைத் தொலைத்தொடர்புத் துறை வெளியிட்டதே 2025 மே மாதத்தில்தான். விண்டோஸ் 10-இல் ஏஎக்ஸ்210 ஓடும், ஆனால் 6 கிகாஹெர்ட்ஸ் திறக்காது. அதற்கு விண்டோஸ் 11 வேண்டும். விலை வித்தியாசம் சொற்பம் என்பதால் நான் 210 சொல்கிறேன், 6 கிகாஹெர்ட்ஸுக்காக இல்லை.

18. "புதுக் கார்டுல ஹால்ல 190 வருது, படுக்கையறையில முன்னைவிட மோசம். கார்டு டூப்ளிகேட்டா?"

கார்டு சரிதான். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டுவதில் 2.4-ஐவிடப் பலவீனம். நம் வீட்டு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டும்போது சிக்னல் மூச்சுவாங்கும். நடுவில் கான்கிரீட் தூணோ இரும்பு பீரோவோ இருந்தால் கேட்கவே வேண்டாம். முன்பு உங்கள் லேப்டாப்புக்கு 2.4 மட்டுமே தெரிந்ததால் இந்த வித்தியாசம் தெரியவில்லை. படுக்கையறையில் 2.4-க்கு மாறிப் பாருங்கள். கார்டின் பண்புகளில் அட்வான்ஸ்டு பகுதியில் விருப்ப அலைவரிசை (பிரிஃபர்டு பேண்ட்) என்று ஒன்று உண்டு. அதில் 5 என்று வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

நிரந்தரத் தீர்வு ரவுட்டரை நகர்த்துவது. லைன் வந்து நுழையும் ஜன்னலோரத்தில், டிவிக்குப் பின்னால் அதை ஒளித்துவைக்கும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல் வைத்துப் பாருங்கள்.

19. "வெளி ஹார்டு டிஸ்க் சொருகினா வைஃபை தடுமாறுது. இதுக்கும் கார்டுக்கும் என்ன சம்பந்தம்?"

நல்ல கவனிப்பு. யூஎஸ்பி 3 கேபிள்களும் போர்ட்களும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுப்பும். இன்டெல்லே 2012-இல் இதை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. வைஃபை 2.4-இல் இருந்தால் திணறும், ப்ளூடூத் மவுஸும் துள்ளும். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், டிஸ்க்கை நீளமான கேபிளில் தள்ளி வையுங்கள்.

20. "புது வைஃபை 6 ரவுட்டர் வாங்கினேன். போன்ல தெரியுது, பழைய லேப்டாப்ல அந்தப் பேரே வரலை. 5 கிகா கார்டு தான், 6-ஆவது கேள்வி எனக்குப் பொருந்தாது."

இன்டெல் 7265, 8260 போன்ற கார்டுகளின் பழைய டிரைவர்களுக்கு வைஃபை 6 ரவுட்டரின் அறிவிப்பைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாததை அவை பட்டியலில் காட்டாமல் விட்டுவிடும். டிரைவரைப் புதுப்பித்தால் பெயர் வந்துவிடும், கார்டை மாற்ற வேண்டியதில்லை. அப்புறமும் இணைய மறுத்தால் ரவுட்டரின் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருப்பதை 2-உம் 3-உம் கலந்த நிலைக்கு மாற்றுங்கள்.

21. "ஏஎக்ஸ்210-க்கு 2402 வரும்னு போட்டிருக்கு. எனக்கு 1201 தான் வருது."

2402 வர 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் வேண்டும். ரவுட்டர்களில் பல 80 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடுபவை. 160 உள்ள ரவுட்டரிலும் அந்த அகலத்துக்குப் பெரும்பாலும் 36 முதல் 64 வரை உள்ள சேனல்களை மொத்தமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் 52 முதல் 64 வரை உள்ளவை ரேடாரோடு பங்கு போடுபவை. ரேடார் சத்தம் கேட்டால் ரவுட்டர் விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி, அந்த நேரத்தில் இணைப்பு அறுந்து அறுந்து வரும். வீட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் பெரிய ஃபைல்களை மாற்றுபவர் தவிர வேறு யாருக்கும் 1201-க்கு மேல் தேவை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

22. "கார்டு புதுசு, லிங்க் ஸ்பீடு 867. ஆனா ஸ்பீடு டெஸ்ட் 94-லயே நிக்குது. காலையில 94, ராத்திரி 94."

இதைக் கேட்டவர் வேறு யாருமல்ல, மாடிவீட்டு மாமாதான். கார்டு மாற்றி 35-லிருந்து 94-க்கு வந்ததில் முதல் வாரம் சந்தோஷமாக இருந்தார். இரண்டாவது வாரம் மறுபடி கீழே இறங்கி வந்தார்.

வைஃபை என்றால் எண் ஏறி இறங்கும். அசையாமல் 94-இலோ 95-இலோ நிற்கிறது என்றால் வழியில் எங்கோ ஒரு 100 மெகாபிட் ஈதர்நெட் இணைப்பு இருக்கிறது. 100-இல் மேல்செலவு போக மிஞ்சுவது அந்த எண்தான். ஃபைபர் பெட்டியின் போர்ட், ரவுட்டரின் போர்ட், இரண்டுக்கும் நடுவில் ஓடும் கேபிள், இந்த மூன்றில் ஒன்று. கிகாபிட் வேகத்துக்குக் கேபிளின் எட்டு இழைகளும் வேண்டும், 100-க்கு நான்கு போதும். அதனால் மற்ற நான்கில் ஓர் இழை அறுந்தால் இணைப்பு பெரும்பாலும் போகாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். கேபிளில் லேப்டாப்பை இணைத்துப் பார்ப்பவர்கள் லேப்டாப்பின் லேன் போர்ட்டே 100 வகையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், சில மலிவு மாடல்களில் அப்படித்தான்.

முதல் கேள்வியில் போனுக்கு 180 வந்ததே, அது எப்படி என்று கேட்கலாம். மாமாவின் போன் ஃபைபர் பெட்டியின் சொந்த வைஃபையில் இருந்தது. லேப்டாப் இருந்தது, அவர் மகன் பின்னால் வாங்கி மாட்டிய தனி ரவுட்டரில். நடுவில் ஓடிய கேபிள் கதவிடுக்கு வழியாகப் போயிருந்தது. நாலைந்து மாதமாக அந்தக் கதவு அதன் மேல் மூடித் திறந்துகொண்டிருந்திருக்கிறது. 150 ரூபாய்க்குப் புது கேபிள் வாங்கி, கதவைச் சுற்றி மேலே ஆணியடித்துக் கொண்டுபோனோம். 188 வந்தது.